சுவர்கள் மட்டும்

அப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் கீழே இறங்கியாக வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, அடையாறில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அடுத்த இரண்டு நாள் ஓடும். ஒரு முறை தவறினால் மூச்சு வாங்கும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எங்கள் வீடு மந்தைவெளியில், மூன்றாவது மாடியில். லிஃப்ட் வைக்கும் பழக்கம் வருவதற்கு முன்னால் கட்டிய கட்டடம். ஐம்பத்து நாலு படி.

அப்பாவை ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் துப்பட்டாவால் இடுப்பைச் சேர்த்துக் கட்டுவோம். வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் கால் பக்கம் பிடிப்பார், என் கணவர் முதுகுப் பக்கம். நான் மருந்துப் பையோடு பின்னால் இறங்குவேன். ஆட்டோக்காரர் பட்டினப்பாக்கத்துக்காரர், வாய் ஓயாது.

"நைனா, கைய உள்ள வச்சிக்கோ. செவுத்துல ஒரசிக்கினு வருது பாரு."

அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சென்னைக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. "நீ ஒன் காலப் பாத்து வையி. என் கைய நான் பாத்துக்கிடுதேன்" என்பார்.

பேச்சு அவ்வளவுதான். முதல் படி இறங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். பயம் என்று நினைத்தேன். ஒருநாள் அவரே சொன்னார், "பயமெல்லாம் இல்லட்டி. பாக்கவன் மூஞ்சிய என்னால பாக்க முடியல." ஒவ்வொரு மாடியிலும் யாராவது கதவைத் திறந்து, பாவம் என்ற முகத்தோடு நிற்பார்கள்தான். எனக்கு அவர்கள் எல்லோரையும் அறையலாம் போலிருக்கும்.

முதல் மாடி மாமிதான் அதை மாற்றியவர். அவர் கணவர் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மாடிப்படிக்கும் குளியலறைச் சுவர்களுக்கும் நடுவில், கழிவுநீர்க் குழாய்கள் இறங்குவதற்காக மேலே வானம் தெரியும்படி விட்ட சந்து ஒன்று உண்டு. டக்ட் என்போம். அதில் லிஃப்ட் வைக்கலாம் என்ற பேச்சு நாலைந்து வருடமாக நடந்துகொண்டிருந்தது. வைத்தால் அந்தச் சந்தைப் பார்த்துத் திறக்கும் மாமியின் சமையலறை ஜன்னல் அடைபடும் என்பதால் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை நாங்கள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மாமி வாசலில் நின்று சொன்னார்: "ஜன்னல் போனாப் போறது. இவர நாற்காலில கட்டித் தூக்கிண்டு போறதப் பாத்துண்டு என்னால இனிமே சமைக்க முடியாது."

அடுத்த வாரமே செயலாளர் சார் என்னிடம் வந்தார். அளந்து வரைந்து தருகிற வேலை என்னுடையது என்று அவரே முடிவு செய்திருந்தார். என் பிழைப்பே அதுதான். பாண்டி பஜாரிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பாத்திரக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். இருக்கிற கட்டடங்களை அளந்து கணினியில் முப்பரிமாணமாக வரைந்து கொடுப்போம். எனக்குப் பொறுமை கிடையாது. அலுவலகத்தில் அதற்கு வேகம் என்று பெயர் வைத்து, புதிதாகச் சேருகிறவர்களிடம் என்னைக் காட்டிப் பேசுவார்கள். நானும் அதில் கொஞ்சம் குளிர்ந்துதான் போயிருந்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் லேசர் மீட்டரும் வைத்துக்கொண்டு டக்டை அளந்தேன். படிக்கட்டு ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, பல்லியும் ஒட்டடையும் முழங்கை வரை ஒட்டிக்கொள்ள, ஒன்று விடாமல் குறித்துக்கொண்டேன். இரண்டாவது மாடிக்குக் கீழே, படி திரும்புகிற இடத்தைத் தாங்கும் ஒரு பீம் சுவரை விட்டு ஆறு அங்குலம் டக்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அதையும் அளந்தேன். அலுவலகத்தில் மதிய இடைவேளைகளில், தயிர் சாத டப்பாவைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வரைந்தேன். சுவர், குழாய், பீம், எல்லாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

வரைந்து முடித்த பிறகு, லிஃப்டுக்கு எவ்வளவு அகலம் கிடைக்கும் என்று திரையிலேயே அளக்க வேண்டும். ஒரு புள்ளியைத் தொட்டு, எதிர்ப்புறம் இன்னொரு புள்ளியைத் தொட்டால் நடுவிலுள்ள தூரத்தைக் காட்டும். கேட்க எளிது. ஆனால் அம்புக்குறி அருகில் எது இருந்தாலும் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். சுவரைத் தொடப் போனால் குழாயைப் பிடிக்கும், குழாயை விட்டால் குழாயின் மூட்டைப் பிடிக்கும். இதற்காகவே அந்த மென்பொருளில் ஃபில்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சின்னப் பட்டியல்: சுவர், பீம், தூண், குழாய், கதவு. எதை டிக் செய்கிறோமோ அதை மட்டும்தான் அம்புக்குறி தொடும். மற்றவை கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படாது.

டக்டில் ஏழு குழாய்கள். அம்புக்குறி ஒவ்வொன்றாகப் போய் ஒட்டிக்கொண்டு என் உயிரை வாங்கியது. குழாய்களை எப்படியும் வேறு பக்கம் மாற்றத்தான் போகிறார்கள், அதனால் அவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. பட்டியலில் குழாய்க்கு எதிரே உள்ள டிக்கை மட்டும் எடுத்திருக்கலாம். நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சுவரில் மட்டும் ஒரு டிக் வைத்தேன். அந்த வாரம் முழுக்க ஒரு நகைக்கடைக்காக அறைகளைச் சுவருக்குச் சுவர் அளந்துகொண்டிருந்த கை. தரைத் தளம், ஐம்பத்தெட்டு அங்குலம். முதல் மாடி, ஐம்பத்தெட்டு. இரண்டாவது மாடி, ஐம்பத்தெட்டு. மூன்றாவதும் அதே. எந்தப் பழைய கட்டடத்திலும் நாலு தளமும் ஒரே அளவு வராது. இந்தத் தொழிலில் முதல் மாதமே தெரிந்துகொள்கிற விஷயம் அது. அந்த ஐம்பத்தெட்டுகளைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குத் திருப்திதான் வந்தது.

லிஃப்ட் கம்பெனி ஆள் வந்தார். என் வரைபடத்தைப் பார்த்தார். இருட்டுச் சந்துக்குள் ஏற மனமில்லாமல், தரைத் தளத்தில் மட்டும் டேப் வைத்தார். ஐம்பத்தெட்டு. "பக்காவா இருக்கு மேடம், ஒரு சூத் கூட மாறல" என்று சிரித்தார். சூத் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. முப்பது அங்குலக் கதவு வைத்த கேபின் தாராளமாக உட்காரும் என்றார். அப்பாவின் சக்கர நாற்காலி இருபத்தைந்து அங்குலம். அன்றைக்கு மாலை அப்பாவிடம், "இனிமே உக்காந்த மேனிக்கே கீழ போலாம்ப்பா" என்று சொன்னேன். அந்த வாரம் அவராகவே சவரம் செய்துகொண்டார்.

இரும்புச் சட்டம் இரண்டாவது மாடியை எட்டிய அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். செயலாளர் சார் போன் செய்தார். "ஒரு பீம் இடிக்கறதாம்மா. அந்தக் காலத்து பில்டர் கோணலா போட்டுத் தொலைச்சிருக்கான். வெட்டவும் முடியாதாம், படியே அது மேலதான் நிக்கறதாம்."

பாதி முடித்திருந்த வேறொரு வரைபடத்தை அப்படியே விட்டுவிட்டு டக்டின் கோப்பைத் திறந்தேன். பீம் இருந்தது. நான் வரைந்த இடத்தில், நான் வரைந்த ஆறு அங்குலத்தோடு, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஃபில்டரில் பீமுக்கு எதிரே ஒரு டிக் வைத்து மறுபடி தொட்டேன். ஐம்பத்திரண்டு என்று காட்டியது. ஒரு நொடி கூட ஆகவில்லை. பக்கத்து மேஜைக்காரி, "என்னடி, முகமெல்லாம் வேர்த்திருக்கு" என்றாள். ஏசி வேலை செய்யவில்லை என்றேன்.

கம்பெனிக்காரர்கள் அடுத்த சின்ன அளவு கேபினைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். அதன் கதவு இருபத்திரண்டு அங்குலம். எல்லோரும் பில்டரைத் திட்டினார்கள். அவர் செத்துப் பல வருடம் ஆகிறது. பதில் சொல்ல வர மாட்டார் என்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சக்கர நாற்காலி உள்ளே போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போனது. ஆனால் அதில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் கதவுக்கு வெளியே நின்றது. ஆகவே அப்பா நின்றுகொண்டு போவது என்று ஆயிற்று. நான் அவருடைய இரண்டு அக்குளிலும் கை கொடுத்து நெஞ்சோடு நெஞ்சாகப் பிடித்துக்கொள்வேன். என் கணவர் சக்கர நாற்காலியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஓடுவார். மூன்று மாடி இறங்க நாற்பது விநாடி.

முதல் நாள் நான் தயங்கியபோது அப்பா சொன்னார்: "நிக்கதுக்கு என்னட்டி, நான் நிக்காத நிப்பா." தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் நின்றவர் அவர். அந்தக் காலத்தில் விற்பனையாளருக்கு ஸ்டூல் கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் கெண்டைக்காலில் புடைத்த நரம்புகளை அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அமுக்கிவிடுவாள். ஓய்வு பெற்ற அன்று, இனிமேல் நிற்கவே மாட்டேன் என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தவர். அந்த மனிதரைத்தான் மறுபடியும் நான் நிற்க வைத்தேன்.

போகும்போது சமாளித்துவிடுவார். திரும்பி வருவதுதான் கொடுமை. டயாலிசிஸ் முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கிவிடும், கால் துணி மாதிரி துவளும். ஒரு வியாழக்கிழமை மதியம், முதல் மாடியைத் தாண்டும்போது என் கைக்குள் அவர் கனம் கூடியது. பிடிக்கப் பார்த்தேன். அப்படியே வழுக்கி, முழங்கால் மடிந்து, கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குனிந்து தூக்க எனக்கு இடமில்லை. மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் அவர் தலையும் ஒரு தோளும் வெளியே சரிந்தன. கதவு மூட வந்தது, தோளில் இடித்தது, விலகியது, மறுபடி வந்து இடித்தது. எனக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. நாலாவது தடவையில் என் கணவர் வந்து கதவில் காலைக் கொடுத்தார். அப்பாவுக்கு நினைவு இருந்தது. வேட்டி நனைந்திருந்தது. என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டு முடித்த பிறகு, கணவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அந்த பீம் எனக்கு முன்னாடியே தெரியும். நானே வரைஞ்சிருக்கேன். அளக்கிறப்போ விட்டுட்டேன். பில்டர் மேல தப்பில்ல."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "எம்புட்டு?"

"ஆறு அங்குலம்."

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து, ஆறு அங்குலத்தைக் காற்றில் காட்டினார். துணி அளந்த கை, அளவு சரியாகத்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை மடித்தார். "ஆர்ட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

"சொல்லாத. சோலியப் பாத்துக்கிட்டு இரு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அழுகை வரவில்லை, வெட்கம் கூட உடனே வரவில்லை. முதலில் வந்தது நிம்மதிதான். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் நின்றார். லிஃப்டின் பின்பக்கம் வெளியே தெரியும் கண்ணாடி. இரண்டாவது மாடியைக் கடக்கும்போது அந்த பீம் கண்ணாடிக்கு ஒட்டி, முகத்துக்கு நேரே வரும். "வந்துட்டாம் பாரு ஒன் ஆளு" என்பார் அப்பா. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைக் காட்டுகிற குரலில் சொல்வார். முதல் தடவை நான் சிரித்தேன். பத்தாவது தடவை சிரிக்க முடியவில்லை. அவர் நிறுத்தவில்லை. பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. கோபம் இருந்தது. வெளியே காட்டிக்கொடுக்க மாட்டார், எனக்கு மட்டும் காட்டுவார்.

நான் சொன்னதிலிருந்து நாலாவது மாதக் கடைசியில் கால் ஒத்துழைக்க மறுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கட்டிலை விட்டு எழவில்லை. ஆட்டோக்காரர் மேலே ஏறி வந்தார்.

"இன்னா நைனா, பழைய மாரி நாற்காலில ஒக்காரு. அலேக்கா தூக்கிக்கினு போய்டறோம். மூணு மாடி ஒரு மேட்டரா."

"நின்னு போவ முடிஞ்சா வாரேன். இல்லைன்னா விட்டுருங்க."

அன்று போகவில்லை. வியாழக்கிழமை நானும் கணவரும் ஆட்டோக்காரரும் சேர்ந்து வலுக்கட்டாயமாக நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். வழியெல்லாம் கண்ணை மூடியே இருந்தார். சனிக்கிழமை வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. நான் கெஞ்சினேன், கத்தினேன். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை அது. கணவர்தான் என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த செவ்வாயும் போகவில்லை. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைக் கீழேயே விட்டுவிட்டு, போர்வையின் நாலு முனையைப் பிடித்துப் படி வழியாக இறக்கினார்கள். அடையாறு போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, செயலாளர் சார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்த பில்டர் மட்டும் ஒழுங்கா கட்டியிருந்தான்னா உங்கப்பா இன்னும் ரெண்டு வருஷம் இருந்திருப்பார்." ஆமாம் சார் என்றேன். சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்தது அப்போதும் எனக்கு உதவியது.

இந்த ஆடியில் செயலாளர் சார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. இனி அவருக்கும் சக்கர நாற்காலிதான், அதுவும் அந்த லிஃப்டுக்குள் போகாது. வீட்டுக்கு அழைத்துவருவதற்கு முதல் நாள், மாமி மேலே ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் அடைபட்ட பிறகு அவர் வீட்டில் பகலிலும் விளக்கு எரிகிறது. கண் சிவந்திருந்தது.

"ஆஸ்பத்திரில படுத்துண்டு அந்த பில்டர இவர் வையாத வசவு இல்ல. எனக்கென்னமோ, லிஃப்ட் கம்பெனிக்காரன் வந்து அளந்தானே, அவன் கண்ணுல படாமயா போயிருக்கும்னு தோணறது. அவன் மேல ஒரு புகார் எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்க அளவு தெரிஞ்சவா, எனக்கு எழுதித் தரேளா?"

அந்த ஆளின் முகம் ஞாபகம் வந்தது. ஒரு சூத் கூட மாறவில்லை என்று சிரித்த முகம். செத்த பில்டர் மேல் பழி போனபோது பேசாமல் இருந்துவிட்டேன். இந்த ஆள் உயிரோடு இருக்கிறார், வேலை போகும்.

"அவர் மேல எழுதாதீங்க மாமி. அந்த பீமை நான் அளந்திருந்தேன், வரைஞ்சிருந்தேன். கடைசியா அகலம் பாக்கும்போது சுவரை மட்டும் தொடுற மாதிரி வச்சு அளந்துட்டேன். தப்பு என்னுது."

மாமி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். லிஃப்ட்ல விழுந்த அன்னிக்கே சொல்லிட்டேன்."

மாமி என்னையே பார்த்தார். எங்கள் ஒவ்வொரு பயணத்தையும் தன் வாசலிலிருந்து பார்த்தவர் அவர்.

"தெரிஞ்சுண்டா நின்னார்?"

"ஆமாம் மாமி. நாலு மாசம்."